பகலில் அரை மணி நேரம் வெளியே விடுங்கள்: லண்டன் தமிழ்க் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் தமிழ்க் கடைகளும் பெற்றோல் ஷெட்டுகளும் நடத்தும் முதலாளிமாருக்கும், அவர்களுடைய சங்கத்தை நடத்துபவர்களுக்கும்,

சென்ற வாரம் எங்கள் கடை வட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் இரண்டு அறிவித்தல்கள் வந்தன. முதலாவது: ஒக்டோபர் கடைசியில் மணிக்கூடு மாறும் நாளிலிருந்து கடைகள் இரவு பதினொரு மணிக்குப் பதிலாகப் பன்னிரண்டு மணிக்குப் பூட்டப்படும்; நத்தார் (கிறிஸ்மஸ்) அன்றும் வருடப்பிறப்பன்றும் முழுநாளும் திறந்திருக்கும். இரண்டாவது: ஊழியர்களுக்காக ஒரு ஞாயிறு மாலை மண்டபத்தில் 'குளிர்கால மனப் புத்துணர்ச்சி' நிகழ்ச்சி. பேச்சாளர் ஒருவர் வருகிறார். குளிர்காலச் சோர்வை எப்படி மனதால் வெல்வது என்று சொல்லித் தருவார். கொத்துரொட்டி உண்டு. எல்லோரும் கட்டாயம் வரவேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று ஒரு பிள்ளை கேட்டார். பதிலுக்கு ஒரு சிரிப்பு முகம் வந்தது.

அந்தச் சிரிப்பு முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பெயர் போடவில்லை, வேலை வேண்டும். பதினொரு குளிர்காலம் உங்களிடம் வேலை செய்தவன் நான். முதல் மூன்றும் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை, மிச்சம் எல்லாம் மரக்கறிக் கடைகளில்.

பேச்சாளர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்களுக்குக் குறைவது மனவுறுதி என்று நீங்கள் முடிவுகட்டியிருக்கிறீர்கள். அது பிழை. எங்களுக்குக் குறைவது வெளிச்சம்.

கணக்கைப் பாருங்கள். டிசம்பர் 21ஆம் திகதியளவில் லண்டனில் சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் வருகிறது, பின்னேரம் நான்கு மணிக்கு முன் போய்விடுகிறது. எட்டு மணி நேரம்கூட முழுதாக இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம். நான் காலை ஆறே முக்காலுக்கு இருட்டில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறேன். எட்டு மணிக்குக் கடை திறந்து, பெட்டிகளை வெளியே அடுக்கிவிட்டு காசு வாங்கும் ரில்லுக்கு வந்தால் இரவு ஏழு மணிவரை அங்கேதான். சாப்பாடு ஸ்ரோர் றூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடி பத்து நிமிடம். ஸ்ரோர் றூமுக்கு ஜன்னல் இல்லை. நவம்பர் தொடங்கிப் பெப்ரவரிவரை நான் சூரியனைப் பார்ப்பது வாரத்தில் ஒரு நாள், என் லீவு நாளில் மட்டும். அன்றைக்கும் அசதியில் பகல் பன்னிரண்டுவரை படுத்துவிட்டால் அதில் பாதி போய்விடும்.

ஒரு ஜனவரியில் சில்லறை மாற்ற என்னை வங்கிக்கு அனுப்பினார்கள். பகல் பன்னிரண்டரை. குளிர் கடுமை, ஆனால் வானம் வெளித்து நல்ல வெயில். வரும்போது நான் வேண்டுமென்றே அடுத்த தெருவால் சுற்றி வந்தேன். பதினைந்து நிமிடம் பிந்தியதற்கு ஏச்சு விழுந்தது. சரி, விழட்டும். அன்று இரவு பூட்டும்வரை எனக்கு யாரோடும் எரிச்சல் வரவில்லை. பழைய மிளகாய்த்தூளைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்ட அம்மாவோடுகூடச் சிரித்துக் கதைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் கடையில் வங்கிக்குப் போவதற்குப் போட்டி. உங்களுக்கு அது தெரியாது. சில்லறை ஏன் இவ்வளவு வேகமாக முடிகிறது என்று ஒரு முறை கேட்டீர்கள், ஞாபகமா?

இது என் உடம்பின் கோளாறு என்று நினைக்கவேண்டாம். 1984இல் நோர்மன் ரோசெந்தால் என்ற மனநல வைத்தியரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் இதை விவரித்து, பருவகால மனச்சோர்வு என்று ஒரு நோயாகவே பெயரிட்டார்கள். அவர் தென்னாபிரிக்காவிலிருந்து அமெரிக்கா போனவர். போன பிறகு குளிர்காலத்தில் தனக்கே சோர்வு வருவதைக் கவனித்தவர். வெயில் நாட்டிலிருந்து வந்த ஒருவருக்குத்தான் அது முதலில் கண்ணில் பட்டிருக்கிறது என்பதில் எனக்கு வியப்பில்லை. எவ்வளவு தூங்கினாலும் தூக்கம் போதாது. சோறும் இனிப்புமாகத் தின்னத் தோன்றும். ஆட்களைப் பார்க்கப் பிடிக்காது. வழக்கமாக விரும்பிச் செய்யும் வேலையைக் கண்டால் வெறுப்பு. பனி முடிந்து பகல் நீளும்போது மெல்ல விலகும்.

இதற்கு எங்கள் ஊரில் வேறொரு சொல் வைத்திருக்கிறோம். பஞ்சி, அதாவது சோம்பல். 'அவனுக்குப் பஞ்சி பிடிச்சிட்டுது.'

அந்தச் சொல்லை நானும் ஒரு பிள்ளைக்குச் சொன்னேன். திருச்சிப் பக்கத்திலிருந்து படிக்க வந்தவர். செப்டெம்பரில் கடையில் சேர்ந்தபோது அவ்வளவு கலகலப்பு. எந்த அன்ரிக்கு முருங்கைக்காய் முற்றாமல் வேண்டும், எவருக்குப் பச்சை மிளகாய் காம்போடு வேண்டும் என்று எல்லாம் ஒரு மாதத்துக்குள் பாடம். டிசம்பரில் பேச்சுக் குறைந்தது. ஜனவரியில் பிந்தி வரத் தொடங்கினார், மிச்சக்காசு பிழையாகக் கொடுத்தார். முதலாளி ரில் கணக்கில் குறைந்ததைச் சம்பளத்தில் வெட்டினார். நான் 'என்ன தம்பி, பஞ்சியா' என்று கேட்டேன், பகிடி என்று நினைத்து. பெப்ரவரியில் ஒரு பின்னேரம் ஸ்ரோர் றூமில் லைற்றைப் போட்டபோது அவர் ஜக்கெற்றோடு வாழைப்பழப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. ஏன் இருட்டுக்குள் இருக்கிறீர் என்று கேட்டேன். 'வெளிய போனாலும் இருட்டுதானே அண்ணா' என்றார்.

வைத்தியரிடம் கூட்டிப்போனேன். வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, கடைசியாகப் பகல் வெளிச்சத்தில் எப்போது நடந்தீர்கள் என்பது. பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். படிப்புக் கட்டணக் கடன் இருந்தது, ஐந்து பேர் படுக்கும் அறை இருந்தது, வீட்டு நினைப்பு இருந்தது. ஆனால் அந்த மற்றதெல்லாம் செப்டெம்பரிலும் இருந்தவைதான். மார்ச்சில் வேறு நகரத்தில் வேலை எடுத்துக்கொண்டு போனார். இப்போதும் பொங்கலுக்குச் செய்தி அனுப்புகிறார். அந்த 'பஞ்சி' என்ற சொல்லுக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். 'நாங்கள் வந்த காலத்தில் இதையெல்லாம் பார்த்தோமா? இரண்டு ஷெட்டில் மாறி மாறி இரவு வேலை செய்துதான் இந்தக் கடையைப் போட்டோம்.' உண்மை. இப்போதும் நீங்கள் இரவு இரண்டு மணிக்கு எழும்பி லேற்றனில் இருக்கும் நியூ ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் சந்தைக்கோ, சவுதோல் பக்கம் வெஸ்ரேர்ன் இன்ரர்நஷனல் சந்தைக்கோ வானை ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். கடை வாடகை, 2022க்குப் பிறகு ஏறிய மின்சாரப் பில், எல்லாம் எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் வருகின்றன. ஆனால் உங்கள் முழங்காலும் முதுகும் இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும், நோவெண்ணெய் எடுத்துத் தருபவன் நான்தானே. அந்த வயதில் யாராவது உங்களுக்கு ரில்லுக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டுத் தந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்களா?

குளிரைப் பற்றி. பெட்டிகள் நடைபாதையில் அடுக்கியிருப்பதால் கதவு நாள் முழுக்கத் திறந்தபடி. கதவைச் சாத்தினால் சனம் கடை பூட்டு என்று போய்விடும் என்கிறீர்கள், அதுவும் ஓரளவு சரிதான். சென்ற ஜனவரியில் நான் என் காசில் ஒரு வெப்பமானி வாங்கி ரில்லுக்குப் பக்கத்தில் மாட்டினேன். காலை ஒன்பது மணிக்கு 7 பாகை. நடுப்பகலில் 9. அந்தக் குளிரில் சில்லறை எண்ணும் விரல் வெடித்து இரத்தம் வரும். இடையில் மீன் எடுக்கப் பிறீசர் அறைக்குள் போகவேண்டும், அங்கே கழித்தல் 18.

இந்த நாட்டில் வேலையிடங்களின் சுகாதாரம், பாதுகாப்பு, நலன் பற்றிய 1992ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் உள்ளன. உள்ளே வேலை செய்யும் இடம் நியாயமான வெப்பநிலையில் இருக்கவேண்டும் என்கின்றன. எவ்வளவு என்று சட்டத்தில் எண் இல்லை, ஆனால் அதனுடன் வரும் நடைமுறைக் கோவையில் எண் இருக்கிறது: குறைந்தது 16 பாகை, உடம்பை வருத்திச் செய்யும் வேலையென்றால் 13. எண் சட்டத்தில் இல்லைத்தானே என்று வாதாடலாம். வாதாடுவதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வாழைப்பழத்தை 13 பாகைக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்துவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே என் முதலாளிதான். டிசம்பர் பிறந்தால் வாழைப்பழத்தையும் வெண்டிக்காயையும் உள்ளே, பின்பக்கம், சூடான மூலையில் வைக்கச் சொல்வார். வைக்கிறோம். வைத்துவிட்டு 7 பாகைக்குத் திரும்பி வருகிறோம்.

இனி நத்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் நத்தார் அன்று திறக்கக்கூடாது. சின்னக் கடைகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே அன்று உங்களுக்கு நல்ல வியாபாரம், விளங்குகிறது. ஆனால் அன்று லண்டனில் பஸ்ஸும் இல்லை, பாதாள ரயிலும் இல்லை. சென்ற முறை நான் ஒரு மணி இருபது நிமிடம் நடந்து வேலைக்கு வந்தேன். தெருவில் நானும் நாய்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் மட்டும். இரவு ஊபர் 38 பவுண் கேட்டது, ஆகவே திரும்பவும் நடை. எங்களோடு வேலை செய்யும் மன்னார்ப் பிள்ளைகள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு அது திருநாள். மற்றவர்களுக்கு அது பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள். அன்று விற்றதைப் பார்த்தால் பெரும்பாலும் தேங்காய்ப்பாலும் கொத்தமல்லியும், மறந்துபோனவர்கள் அவசரத்துக்கு வாங்கிய பற்றரிகளும்.

நள்ளிரவுவரை திறப்பது பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்தி, பெட்டி உள்ளே எடுத்து, கூட்டிக் கழுவி முடிக்கப் பன்னிரண்டரை. 1998ஆம் ஆண்டு வேலைநேர ஒழுங்குவிதிகள் ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையில் 11 மணி நேர ஓய்வு கேட்கின்றன. ஆகவே பூட்டியவர் மறுநாள் பதினொன்றரைக்கு முன் வரமுடியாது. நீங்கள் போட்டிருக்கும் புதிய அட்டவணையில் வெள்ளி இரவு பூட்டும் மூன்று பேரில் இரண்டு பேர் சனி காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். அதே ஒழுங்குவிதிகள்தான் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் எவருக்கும் இடையில் 20 நிமிட ஓய்வு என்கின்றன. 'மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தானே வேலை, அவர்களுக்கு எதற்கு ஓய்வு' என்று ஒருவர் கேட்டதை என் காதால் கேட்டேன். அந்த 20 மணி நேரத்தை இரண்டு நாளில் போட்டு எடுக்கிறீர்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்.

ஷெட்டில் இரவு வேலை செய்பவர்களின் நிலை இன்னும் மோசம். கதவைப் பூட்டிவிட்டுச் சின்ன ஜன்னலால் சிகரெற்றும் பாலும் கொடுக்கிற வேலை. விடிய முன் போய்ப் படுத்து இருட்டிய பின் எழும்புகிறவனுக்கு டிசம்பரில் பகல் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். நான் மூன்று குளிர்காலம் அப்படி இருந்தேன். இரவு வேலை செய்பவருக்கு முதலாளி இலவசமாக உடல்நலப் பரிசோதனை வழங்க முன்வரவேண்டும் என்று விதி இருப்பது, நான் அந்த வேலையை விட்டு ஐந்து வருடத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. கிழக்கு லண்டனில் ஒரு கடையில் இரண்டு குளிர்காலம் வேலை செய்தேன். அங்கே பதினொன்றரைக்கும் ஒரு மணிக்கும் இடையில் மூன்று ஊழியர்களும் ஆளுக்கு அரை மணி நேரம் வெளியே போகவேண்டும். முதலாளி தானே வந்து ரில்லில் நிற்பார். மழை பெய்தாலும் விடமாட்டார், குடையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுற்றிவிட்டு வா என்பார். மேகமூட்டமான பகலில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் கடைக்குள் எரியும் குழல் விளக்கைவிடப் பல மடங்கு. அவர் பெரிய கருணைக்காரர் என்றும் சொல்லமுடியாது, சம்பளத்தில் கஞ்சன்தான். குளிர்காலத்தில் ரில் கணக்குப் பிழைப்பது குறைந்ததைக் கண்டார், தொடர்ந்து செய்தார். அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

நவம்பர் தொடக்கம் பெப்ரவரி முடியும்வரை, பகல் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் அரை மணி நேரம் கடைக்கு வெளியே விடுங்கள். சம்பளத்தோடு. சாப்பாட்டு நேரத்தோடு இதைச் சேர்த்துக் கழிக்கவேண்டாம். வங்கிக்குப் போய்வருவதையும் இதில் கணக்குப் பார்க்கவேண்டாம். ஷெட்டில் இரவு வேலை செய்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு ஒரு கிழமை இரவென்றால் அடுத்த கிழமை பகல் என்று மாற்றிப் போடுங்கள், அந்த உடல்நலப் பரிசோதனையையும் ஒழுங்குசெய்யுங்கள்.

ரில்லுக்குக் கீழே ஒரு ஹீற்றரும் பின்னால் உயரமான ஒரு கதிரையும். பிறீசருக்குள் போக இரண்டு தடித்த ஜக்கெற்றும் கையுறையும், கடைக்குப் பொதுவாக. வெப்பமானி நான் மாட்டியது அங்கேயே இருக்கட்டும், கழற்றவேண்டாம். 13க்குக் கீழே போனால் கதவில் பாதியையாவது சாத்த எங்களுக்கு அனுமதி வேண்டும்.

இரவு பூட்டியவரைக் காலையில் திறக்க வைக்கும் அட்டவணையை மாற்றுங்கள். நள்ளிரவுத் திறப்பை முதலில் வெள்ளி, சனியில் மட்டும் செய்து பாருங்கள். நத்தார் அன்று கடையைத் திறப்பதானால், விரும்பி வருபவர்களை மட்டும் போடுங்கள், இரட்டைச் சம்பளம் கொடுங்கள், கடை வானில் கூட்டிவந்து கொண்டுபோய் விடுங்கள். மன்னார்ப் பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம்.

ஒக்டோபர் தொடக்கம் மார்ச் தொடக்கம்வரை எல்லோரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பது பற்றி யோசிக்கவேண்டும் என்று இந்த நாட்டுச் சுகாதாரத் துறை சொல்கிறது. எங்களைப் போன்ற நிறத்தவர்கள் வருடம் முழுக்க. குளிர்கால வெயிலில் உடம்பு அதைத் தயாரிக்காது, ஆகவே மேலே கேட்ட அரை மணி நேரம் இதற்குப் பதிலாகாது. ரில்லுக்குப் பின்னால் நாங்கள் விற்கிற குளிசைதான். ஆளுக்கு ஒரு போத்தல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்ரோர் றூம் சுவரில் ஒரு தாள் ஒட்ட விடுங்கள், தமிழில் நானே எழுதித் தருகிறேன். அரச மருத்துவச் சேவையான என்எச்எஸ் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பேச்சுச் சிகிச்சைக்கு இங்கிலாந்தில் வைத்தியர் கடிதம் இல்லாமல் நாங்களே பதியலாம் என்பதும், இரவு எந்த நேரமும் இலவசமாகக் கதைக்கச் சமாரிற்றன்ஸ் அமைப்பின் 116 123 என்ற எண்ணும் அதில் இருக்கும். யாராவது அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன ஏது என்று விசாரிக்கவேண்டாம் என்று மேற்பார்வையாளர்களிடம் சொல்லிவையுங்கள்.

மனப் புத்துணர்ச்சி நிகழ்ச்சியை வேண்டுமென்றால் வையுங்கள். ஞாயிறு மாலை வேண்டாம், வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு, விரும்புகிறவர்களுக்கு மட்டும். முடிந்தால் முதலாளிமாரும் வந்து முன் வரிசையில் இருங்கள்.

ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னால் போகிறது. அதற்கு முன் எங்களுக்குப் பதில் வேண்டும். வட்ஸ்அப் குழுவிலேயே போடலாம். சிரிப்பு முகம் போடாமல், எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ரில்லில் நிற்கும் ஒருவன்,
லண்டன்